எலிக்குக் கணக்கு இருக்கு, எண்ணூருக்கு?

மேலுரம் போட யூரியா மூட்டையைப் பிரிக்கும்போதெல்லாம் வடசென்னை ஞாபகம் வரும். மணலி ஆலையில் அம்மோனியாவைத்தான் யூரியாவாக்குகிறார்கள். நம்ம கல்லீரலுக்கும் அதே வேலை உண்டு. தின்ற பருப்பும் கறியும் செரித்தபின் உண்டாகும் அம்மோனியாவை யூரியாவாக்கி, சிறுநீரில் அனுப்பிவிடும். கல்லீரல் படுத்துட்டா அம்மோனியா ரத்தத்தில் ஏறி மூளையைக் குழப்பும்.

ரசாயனம் இந்தக் கல்லீரலை எப்படிக் கெடுக்குதுன்னு பல்கலைக்கழகங்களில் எலியை வைத்துப் பார்க்கிறார்கள். கார்பன் டெட்ரா குளோரைடை அளந்து கொடுப்பார்கள். கல்லீரல் அதை உடைக்கப் போய், அதைவிட மோசமான ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். செத்த செல்களைத் துப்புரவு பண்ண வரும் காவல் செல்களால் அழற்சி கிளம்பும். புண்ணை ஆற்றுவதும் அதுதான், மீறினால் பெரிசாக்குவதும் அதுதான். அப்புறம், நாம வரப்பில் களைன்னு பிடுங்கிப் போடுற கீழாநெல்லியின் சாற்றைக் கொடுத்து, தேறுதான்னு பார்ப்பார்கள்.

ஆராய்ச்சியைக் குறை சொல்லலை. கூண்டு எலிக்கு எவ்வளவு கொடுத்தோம், என்னைக்குக் கொடுத்தோம்னு நோட்டில் கணக்கு இருக்கு. எண்ணூர்க்காரருக்கு? 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் பெரியகுப்பம் பக்கம் கசிந்தது. மூச்சுத் திணறி ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதே மாதம் மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணெய்க் கழிவு கொசஸ்தலை முகத்துவாரத்தில் பரவியது. மீனவர்களே படகில் போய் பக்கெட்டில் அள்ளினார்கள். அம்மோனியா முதலில் கண்ணையும் நெஞ்சையும்தான் பிடிக்கும். எண்ணெயிலிருந்து உடம்புக்குள் போகும் ரசாயனங்களை உடைக்கும் வேலையோ கல்லீரல் தலையில்தான் விழும். யார் உடம்பில் எவ்வளவு போச்சு? எந்த நோட்டிலும் இல்லை.

கணக்கு இல்லாததால் என்ன ஆகுது? நாளைக்கு அங்கே ஒரு கூலித்தொழிலாளிக்குக் கல்லீரல் கெட்டால், "குடிச்சிருப்பான்" என்ற ஒரே வார்த்தையில் கதை முடிஞ்சுடும். குடிச்சிருக்கலாம். அது மட்டும்தான் காரணமா என்று சொல்ல ஆதாரம் வேணுமே!

கேட்பது பெரிய விஷயமில்லை. ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கு. எஸ்.ஜி.பி.டி. சாதாரண ரத்தப் பரிசோதனைதான். திருவொற்றியூர், எண்ணூர் குடும்பங்களுக்கு வருஷா வருஷம், அதே ஆட்களுக்கே, பத்து வருஷம் எடுக்கட்டும். காற்று, தண்ணீர் அளவுகளையும் பக்கத்தில் எழுதி வைக்கட்டும். பூச்சிமருந்து அடிக்கும் எங்களுக்கும் அப்படி ஒன்று தேவை.

உரமே வேண்டாம்னு சொல்ல என்னால் முடியாது, என் நெல்லுக்கு அது வேணும். அதனால்தான் இதைக் கேட்க வேண்டிய கடமை எனக்கும் இருக்கு. சாப்பிடுற உங்களுக்கும் இருக்கு.