கலை கடைசியில் வருவதா?

கடலைக் காப்பது அறிவியலும் சட்டமும்தான். கலைஞர்கள் வேண்டுமானால் கடைசியில் வந்து சுவரில் படம் வரையட்டும். கடல்வளக் கொள்கை பேசுகிறவர்களில் பலருக்கு இதுதான் முடிந்த முடிவு.

கலை கடைசியில்தான் வருகிறது என்பதே முதலில் தவறு. 1990களில் குஜராத்தின் வேராவல் கரையில் திமிங்கலச் சுறா வேட்டை கொழித்தது. மீனின் உடம்பில் பெரிய இரும்புக் கொக்கியை மாட்டி, கயிற்றின் மறுமுனையில் காலிப் பீப்பாய்களைக் கட்டிவிடுவார்கள். மூழ்கவும் முடியாமல் ஓடவும் முடியாமல் அது இழுத்து இழுத்தே ஓயும். ஈரல் எண்ணெய் படகுக்குப் பூச, இறைச்சி ஏற்றுமதிக்கு. தடுக்கச் சட்டமே இல்லை. ஆவணப்பட இயக்குநர் மைக் பாண்டே இதைப் படம்பிடித்தார். 2000-இல் ‘ஷோர்ஸ் ஆஃப் சைலன்ஸ்’ என்ற அந்தப் படம் வந்தது. 2001-இல் திமிங்கலச் சுறா வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறியது. படம் முன்னால், அரசாணை பின்னால்.

சரி, சட்டம் வந்துவிட்டதே, இனிக் கூத்தும் கதையும் எதற்கு என்பார்கள். அப்படி ஒரு சட்டம் இருப்பதே படகில் போகிற பலருக்குத் தெரியாது. திமிங்கலச் சுறாவைக் காக்க 2004-இல் குஜராத்தில் தொடங்கிய பிரசாரத்தில் ராமாயணக் கதை சொல்லும் மொராரி பாபு பேசினார்: பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வரும் மகள் இந்த மீன், வந்தவளைக் கொல்வீர்களா? ஊர் ஊராகத் தெருநாடகம் போட்டார்கள்; காற்றடைத்த முழு அளவுச் சுறாவைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். உண்மையிலேயே பிள்ளை பெறத்தான் வருகிறதா என்று விலங்கியலாளர் கேட்கலாம், கேட்கட்டும். சிக்கிய சுறாவை விடுவிக்கத் தன் வலையை அறுக்க வேண்டிய மீனவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. பிறகு நூற்றுக்கணக்கான சுறாக்கள் வலையிலிருந்து விடுபட்டன. கதை ஒன்றே செய்த வேலை என்று நான் சொல்லவில்லை. அறுத்த வலைக்கு வனத்துறை இழப்பீடும் கொடுத்தது. ஆனால் இழப்பீட்டுக்காக மட்டும் ஒரு மீனவர் நடுக்கடலில் தன் வலையில் கத்தி வைப்பார் என்று நம்ப என்னால் முடியவில்லை.

மூன்றாவது வாதம்: கலையில் உணர்ச்சி உண்டு, ஆதாரம் கிடையாது. இதற்குப் பதில் வட ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. 1996-இல் புளூ மட் விரிகுடாவில், யோல்ங்கு பழங்குடி மக்கள் முதலையின் புனித இடமாகக் கருதும் ஓரிடத்தில், சட்டவிரோத மீன்பிடி முகாம் ஒன்று கண்ணில் பட்டது. அங்கே சாக்குக்குள் வெட்டிய முதலைத் தலை. மனு எழுதுவதோடு அவர்கள் நிற்கவில்லை. 47 ஓவியர்கள் மரப்பட்டையில் 80 ஓவியங்கள் தீட்டினார்கள். ஆற்று நீர் எங்கே கடலோடு கலக்கிறது, எந்த நீர் எந்தக் குலத்துக்கு உரியது என்பதெல்லாம் அந்தக் கோடுகளில் இருக்கிறது. பார்க்கத் தெரிந்தவருக்கு அது பத்திரம். பிறகு அவர்கள் நடத்திய கடல் உரிமை வழக்கில் அந்த ஓவியங்களும் சான்றாயின. 2008 ஜூலையில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், யோல்ங்கு நிலத்தின் மேல் ஏறி இறங்கும் ஓதநீருக்குள் போகவும் அவர்கள் அனுமதி வேண்டும், மீன்பிடி உரிமத்தைக் காட்டி மட்டும் அதற்குள் நுழைய முடியாது என்றது. தீர்ப்பு சட்டப்படி நின்றது 1976-ஆம் ஆண்டு நில உரிமைச் சட்டத்தின் மேல்தான், ஓவியத்தின் மேல் அல்ல. ஆனாலும் வழக்கை அந்த வாசல்வரை கொண்டுவந்ததில் அந்த மரப்பட்டைகளுக்குப் பங்கு உண்டு.

கடைசி வாதத்தில் உண்மை இருக்கிறது: கலை பெரிய, அழகான உயிர்களின் பின்னால்தான் போகும். கடலட்டையைப் பாருங்கள். அதுவும் அதே 2001-இல் அதே அட்டவணையில் ஏறியது. அதற்கு யார் நாடகம் போட்டார்கள்? பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் மூட்டை மூட்டையாகக் கடலட்டை பிடிபட்ட செய்தி இன்றும் வந்துகொண்டே இருக்கிறது. அக்கரையில் இலங்கையில் உரிமம் வாங்கி எடுக்கலாம், இக்கரையில் எடுத்தால் சிறை என்ற பிழைப்புச் சிக்கலும் அதில் உண்டு. தடையை நீக்கச் சொல்லி மீனவர்கள் கேட்பதும் அதனால்தான். இதைக் காட்டி, கலை எல்லாவற்றையும் தீர்க்காது என்று சொல்லலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கலை தேவையில்லை என்பவர்கள் இதை எடுத்துக்காட்டாகச் சொல்ல முடியாது. சட்டத்தையும் காக்கிச் சட்டையையும் மட்டும் நம்பி நடத்திய பாதுகாப்பு அல்லவா இது?