விலைபோனது லொறி மட்டுமே

2022 எரிபொருள் நெருக்கடியின்போது, தம்புள்ளையிலிருந்து கொழும்புக்கு மரக்கறி ஏற்றிவந்த எனது இரண்டு லொறிகளையும் தொழிலோடு சேர்த்து விற்க முனைந்தேன். வந்தவர் லொறிக்கு மட்டுமே விலை சொன்னார். "நிரந்தரமாகச் சரக்குத் தரும் விவசாயிகள் இருக்கிறார்களே" என்றேன். "கணக்குக் கொப்பியைக் காட்டுங்கள்" என்றார். கொப்பி ஏது? கூலி, டீசல், பழுதுபார்ப்பு, வரவேண்டிய கடன் அனைத்தும் என் தலையில். விவசாயிகளின் இலக்கங்கள் சாரதியின் தொலைபேசியில். இருபது வருட நன்மதிப்புக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. சாரதியும் வேலை இழந்தார்.

சகோதர வியாபாரிகளே! விற்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் இன்றே கணக்கு எழுதுங்கள். வீட்டுச் செலவை அதில் கலக்காதீர்கள். லீசிங் பாக்கியையும் மறைக்காமல் எழுதுங்கள். எழுதி வைக்காத தொழிலை எவரும் வாங்கமாட்டார்கள். நாளை உங்கள் பிள்ளையாலும் அதைத் தொடர முடியாது.