கொலுப்படியில் கிட்டார்கள்

அடுத்து எந்த மின்கிட்டாரை வாங்குவது? சேகரிப்போர் கூடும் இடமெங்கும் ஓயாமல் ஒலிக்கும் கேள்வி இது. கேட்பவரிடம் ஏற்கெனவே ஆறோ எட்டோ இருக்கும். பதில் சொல்ல வருவோர் ஆண்டு, நிறம், வரிசை எண், பெட்டிக்குள் தைத்த வெல்வெட்டின் சாயம்வரை விரிவாகப் பேசுவார்கள். அதில் என்ன வாசிக்கப் போகிறீர்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் அது நாகரிகக் குறைவாகக் கருதப்படும். கொலுவுக்கு ஆண்டுதோறும் ஒரு புதுப் பொம்மை சேர்ப்பது நம் வீடுகளின் வழக்கம். பொம்மை பார்வைக்கென்றே செய்யப்பட்டது. அதைப் படியில் ஏற்றுவதில் பிழையில்லை. கிட்டார் அப்படிப்பட்டதன்று. அதைக் கொலுப்பொம்மையாக்கும் போக்கை மறுத்துரைக்கவே இதை எழுதுகிறோம். நாமும் இந்த ஆசையைக் கடந்தவர்கள் அல்லர். சன்பர்ஸ்ட் நிறத்தில் ஒரு லெஸ் பாலைக் கண்டு சொக்கி நின்றவர்கள்தாம்.

சேகரிப்போர் முன்வைக்கும் முதல் நியாயம், அசல் நிலை. திருகாணி மாறியிருந்தாலும் மதிப்புக் குறையும். பிக்கப்பை மாற்றியிருந்தால் பேச்சே இல்லை. இந்த அளவுகோலை டேவிட் கில்மோரின் கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டருக்குப் பொருத்திப் பார்ப்போம். 1970-இல் நியூயார்க்கில் வாங்கிய அந்தக் கிட்டாரின் கழுத்தை அவர் பலமுறை மாற்றினார். பிக்கப்புகளை மாற்றினார். வேறொரு ட்ரெமலோ பொருத்துவதற்காக உடலின் மரத்தையே குடைந்து, பிறகு அதையும் அகற்றி, குழியை அடைத்தார். இலக்கணப்படி அது பாழாக்கப்பட்ட கிட்டார். 2019 ஜூனில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அதன் விலை 39 லட்சத்து 75 ஆயிரம் டாலர். எட்டி வான் ஹேலனின் கிட்டாரும் இவ்வினத்தைச் சேர்ந்ததே: ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவ உடலில் கிப்சன் பிக்கப்பைத் தானே குடைந்து பொருத்திய ஒட்டுவேலை. எவற்றைப் போற்றுகிறோமோ அவை யாவும் ‘தொடாதே’ என்ற கட்டளையை மீறியே அந்தத் தகுதியைப் பெற்றன. பின், அந்தக் கட்டளையை நாம் ஏன் வேதமாக ஓத வேண்டும்?

இந்த முரணைச் சந்தை நன்கு அறியும். 1990-களின் நடுவிலிருந்து, பழையதுபோல் தோன்றும்படி தேய்க்கப்பட்ட புதுக் கிட்டார்களைத் தொழிற்சாலைகளே செய்து விற்கின்றன. வண்ணத்தைச் சுரண்டி, உலோகத்தைத் துருவேற்றி, முப்பதாண்டுக் கச்சேரியின் தழும்புகளைச் சில நாட்களில் உண்டாக்கி, அதற்குக் கூடுதல் விலையும் வாங்குகிறார்கள். எவரும் படிக்காத நாவலின் பக்க ஓரங்களை மடித்து, இரண்டு அடிக்கோடுகள் இட்டு, ‘ஆழ்ந்து வாசிக்கப்பட்ட பிரதி’ என்று விற்றால் நாம் சிரிப்போம். கிட்டாரில் மட்டும் ஏன் சிரிப்பு வருவதில்லை?

இரண்டாவது நியாயம், பழைய மரத்தின் நாதம். மின்கிட்டாரில் உலோகக் கம்பி காந்தப்புலத்தில் அதிர்கிறது. அந்த அதிர்வு கம்பிச்சுருளில் மின்னோட்டமாகிறது. ஆம்ப்ளிஃபயர் அதைப் பெருக்குகிறது. மரத்துக்குப் பங்கே இல்லை என்று நாம் சாதிக்கவில்லை. ஆனால் விரல், கம்பி, பிக்கப், ஆம்ப்ளிஃபயர் ஆகியவற்றுக்குப் பின்னால்தான் அதன் இடம். ஜிம்மி பேஜ் மேடையில் வாசித்த டேன்எலக்ட்ரோவின் முகப்பும் முதுகும் மேசனைட் என்னும் அழுத்திய மரநார் அட்டை. பிரையன் மே 1963-இல் தந்தையோடு சேர்ந்து செய்யத் தொடங்கிய கிட்டாரின் கழுத்து, பழைய கணப்படுப்பின் மேற்சட்டம். ‘குயீன்’ குழுவின் நாதம் அந்தச் சட்டத்திலிருந்துதான் எழுந்தது.

மரத்தைப் பற்றிப் பேசுவதானால் வேறொன்றைப் பேசுவோம். பிரேசில் ரோஸ்வுட்டின் பன்னாட்டு வணிகத்தை 1992-இல் சைட்டிஸ் ஒப்பந்தம் தடுத்தது. அவ்விடத்தைப் பெரிதும் நிரப்பியது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி. 2017-இல் ஈட்டி உள்ளிட்ட அந்த மரப் பேரினம் முழுவதும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2019-இல் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. ஓர் ஈட்டி மரம் முதிரப் பல பத்தாண்டுகள் ஆகும். அதன் ஒரு துண்டு விரற்பலகையாகி, விரலே படாமல் கண்ணாடிப் பேழைக்குள் கிடப்பதை மரத்தின் மீது கொண்ட காதல் என்று எப்படி அழைப்பது?

மூன்றாவது நியாயம், மரபைக் காத்தல். இதில் பாதியை ஒப்புக்கொள்கிறோம். ரோரி கேலகரின் வியர்வையால் வண்ணம் உதிர்ந்த 1961 ஸ்ட்ராட்டோகாஸ்டர், 2024-இல் ஏலத்தில் வாங்கப்பட்டு அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்கென்று அளிக்கப்பட்டது. அங்கே எவரும் சென்று அதைக் காணலாம். பூட்டிய அறைக்குள் வைத்தால் அதைக் காப்பு என்பது தகாது. சேகரிப்பவரே வாசிப்பவராகவும் இருந்தால் நிலைமை வேறு. பீட்டர் கிரீனிடமிருந்து கேரி மூரிடம் சென்ற 1959 லெஸ் பால், 2014-இல் கிர்க் ஹாமெட்டின் கைக்கு வந்தது. அவர் அதை மேடைதோறும் வாசிக்கிறார். ஒரு பிக்கப்பின் காந்தம் திசைமாறி அமைந்ததால் பிறந்த அதன் விசித்திர நாதம் இன்றும் காற்றில் இருக்கிறது. மரபு காக்கப்படுவது இவ்வாறே.

அப்படியானால் அடுத்த கிட்டார் எது? நம் விடை எளியது: கைவசம் இருப்பவை சொல்லாத ஒன்றைச் சொல்வது. ஸ்ட்ராட்டோகாஸ்டரின் கம்பி நீளம் 25½ அங்குலம். லெஸ் பாலில் ஏறத்தாழ 24¾. இந்த முக்கால் அங்குலத்தில் கம்பியின் விறைப்பு மாறுகிறது. விரல் வேறு வகையில் சிந்திக்கிறது. ஒற்றைச் சுருள் பிக்கப்பின் கூர்மையும் அதன் இரைச்சலும் ஒரு மொழி. 1950-களின் நடுவில் சேத் லவர் வடிவமைத்த, இரட்டைச் சுருளால் இரைச்சலை அடக்கும் ஹம்பக்கர் வேறொரு மொழி. இவ்விரண்டும் இருந்தால், 1958-இல் வந்த இஎஸ்-335 போல் பாதி உள்ளீடற்ற உடலை நாடலாம். தாழ்ந்த சுருதிக்கான பேரிடோன் கிட்டாரை நாடலாம். மலிவான டேன்எலக்ட்ரோவை நாடலாம். நான்காவது ஸ்ட்ராட்டோகாஸ்டரை நீல நிறத்தில் வாங்குவது அடுத்த கிட்டார் ஆகாது. அது பழைய கிட்டாருக்குப் புதுச் சட்டை.

இன்னொன்றும் சொல்வோம். கில்மோர் 2019-இல் நூற்றிருபதுக்கும் மேற்பட்ட கிட்டார்களை விற்று, கிடைத்த ஏறத்தாழ 2 கோடியே 15 லட்சம் டாலரைச் சுற்றுச்சூழல் வழக்குகளுக்காகப் போராடும் அமைப்புக்குக் கொடுத்தார். அத்தகைய வள்ளன்மையை எல்லோரிடமும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஒன்று உள்ளே வரும்போது ஒன்று வெளியே போகட்டும் என்ற விதியை நாம் அனைவரும் ஏற்கலாம். தெருவில் கிட்டார் கற்க விரும்பும் பிள்ளை ஒன்று கட்டாயம் இருக்கும். ஓராண்டாகத் திறக்கப்படாத பெட்டியும் நம் வீட்டில் கட்டாயம் இருக்கும்.

இன்றிரவு அந்தப் பெட்டியைத் திறந்து ஆறு கம்பிகளையும் மீட்டிப் பாருங்கள். சுருதி எவ்வளவு விலகிக் கிடக்கிறது என்பது புரியும். முதலில் அதைச் சேர்த்துவிட்டு, அடுத்தது எது என்பதைப் பிறகு பேசலாம்.