எங்கள் மோட்டாருக்கு மீட்டர், உங்கள் சர்வருக்கு?

உழவர் பத்திரிகையில் கம்ப்யூட்டர் அறையைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனா நம்ம பட்டா இப்போ எங்கே இருக்குன்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. கிராம நிர்வாக அலுவலர் கையிலிருந்த நோட்டில் இருந்த சிட்டாவும் அடங்கலும் இன்று கணினிக்குள் போய்விட்டன. பயிர்க் காப்பீடு, கிசான் உதவித் தொகை, விவசாயி அடையாள எண் எல்லாமே அங்கேதான். இ-சேவை மையத்தில் "சர்வர் டவுன், நாளைக்கு வாங்க" என்று சொன்னால், அந்தச் சர்வர் ஏதோ ஒரு கட்டடத்தில், மின்சாரம் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

அந்தக் கட்டடத்தின் பெயர்தான் அரசுத் தரவு மையம். ஒன்றிய அரசின் தேசியத் தகவலியல் மையத்துக்கு டெல்லி, புனே, ஹைதராபாத், புவனேஸ்வர் ஆகிய ஊர்களில் பெரிய தரவு மையங்கள் உண்டு. தமிழ்நாட்டு அரசுக்குச் சென்னை பெருங்குடியில் எல்காட் கட்டடத்தில் மாநிலத் தரவு மையம் உண்டு. அவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டிலிருந்தே சிட்டா எடுக்க முடிவது நல்ல விஷயம்தான். அந்த மையங்கள் எவ்வளவு மின்சாரத்தில் ஓடுகின்றன, அதில் எவ்வளவு வீணாகிறது என்பதே என் கேள்வி.

இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. 1970-ல் மின் கட்டண உயர்வை எதிர்த்துப் பெருமாநல்லூரில் திரண்ட உழவர்களில் மூன்று பேர் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள். நாராயணசாமி நாயுடு காலத்துப் போராட்டங்களின் பலன்தான் இன்று நாம் அனுபவிக்கும் இலவச மின்சாரம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் இருக்கின்றன. மின்வாரிய நட்டம் என்ற பேச்சு வந்தாலே முதலில் விரல் நீளுவது இந்த இணைப்புகளை நோக்கித்தான். "மீட்டர் வைங்க, அளந்தாதான் சிக்கனம் வரும்" என்று நமக்குப் பாடம் நடத்துகிறார்கள். 2020-ல் வந்த மின்சாரத் திருத்த மசோதாவின் வரைவு, மானியத்தை வங்கிக் கணக்கில் போடும் முறைக்கு மாறச் சொன்னது. டெல்லி எல்லையில் ஓராண்டுக்கு மேல் உழவர்கள் உட்கார்ந்த போராட்டத்தில், அந்த மசோதாவைக் கைவிட வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை.

சரி, அளந்தால்தான் சிக்கனம் என்றால், அந்தப் பாடத்தை அரசு தன் வீட்டிலிருந்து தொடங்கட்டும்.

தரவு மையத்துக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். சர்வர் எடுக்கும் மின்சாரம் முழுக்கக் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வரும். அந்த வெப்பத்தை வெளியேற்ற ஏ.சி. வேண்டும். மின்சாரம் தடைபடாமல் இருக்க யு.பி.எஸ். வேண்டும், அதிலும் கொஞ்சம் இழப்பு. ஆக, வேலை செய்வது சர்வர் என்றாலும், பில் வருவது எல்லாவற்றுக்கும் சேர்த்து. மொத்தக் கட்டடம் எடுக்கும் மின்சாரத்தைச் சர்வர் முதலிய கணினிக் கருவிகள் மட்டும் எடுக்கும் மின்சாரத்தால் வகுத்தால் வரும் எண்ணுக்கு பி.யு.இ. என்று பெயர். அது 1.8 என்றால், கருவிக்கு ஒரு யூனிட் போக, கூடவே 0.8 யூனிட் ஏ.சி.க்கும் இழப்புக்கும் போகிறது. கிணற்றில் மோட்டார் இறைத்த தண்ணீரில் எவ்வளவு வாய்க்காலிலேயே போச்சு, எவ்வளவு பயிருக்குப் போச்சு என்ற கணக்குதான் இதுவும்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். சர்வர்கள் மட்டும் 500 கிலோவாட் எடுக்கும் ஒரு மையம். பி.யு.இ. 1.8 என்றால் மொத்தம் 900 கிலோவாட். அதை 1.4-க்கு இறக்கினால் 700 கிலோவாட். மிச்சம் 200 கிலோவாட். இரவு பகலாக வருஷம் முழுக்க ஓடுவதால், மிச்சம் சுமார் 17.5 லட்சம் யூனிட். நம்ம 5 எச்.பி. மோட்டார் மணிக்கு 4.5 யூனிட் எடுத்து, வருஷத்துக்கு 1,000 மணி நேரம் ஓடினால் 4,500 யூனிட். அப்படி 380-க்கும் மேற்பட்ட மோட்டார்களின் ஓராண்டு மின்சாரம் ஒரே கட்டடத்தில் மிச்சமாகும். ஒரு சிற்றூரின் பாசனமே அதில் அடங்கிவிடும்!

இது நடக்கிற காரியமா? அமெரிக்க அரசின் அனுபவத்தைப் பார்க்கலாம். 1998-ல் அங்கே ஒன்றிய அரசுக்கு 432 தரவு மையங்கள் இருந்தன. 2009-ல் அது 1,100 ஆகிவிட்டது. 2010-ல் இவற்றைக் குறைக்கத் திட்டம் போட்டார்கள். எண்ண எண்ண எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. அலுவலக மூலைகளில் இருந்த சின்னச் சின்ன சர்வர் அறைகளையும் சேர்த்ததும் 10,000-ஐத் தாண்டியது. தன்னிடம் எத்தனை இருக்கிறது என்றே தெரியாமல் ஓர் அரசு மின்சாரம் செலவழித்திருக்கிறது! பிறகு 6,000-க்கும் மேற்பட்டவற்றை மூடினார்கள். பராமரிப்பு, கருவி, மின்சாரம் எல்லாம் சேர்த்து 400 கோடி டாலருக்கு மேல் மிச்சம் என்று அந்தத் துறைகளே கணக்குக் கொடுத்தன. 2016-ல், பழைய மையங்களின் பி.யு.இ. 1.5-க்குக் கீழே வர வேண்டும் என்று இலக்கும் வைத்தார்கள்.

அதே அமெரிக்காவில் 2019-ல் விதியை மாற்றி, சிறிய அறைகள் பலவற்றைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அவர்களுடைய தணிக்கை அமைப்பே அதைக் குறை சொன்னது. அளக்காமல் விட்டதில் எவ்வளவு வீணானது என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தப் பாடமும் நமக்கு வேண்டும்.

வீணாவதைத் தடுக்கப் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் தேவையில்லை. நம்ம வயல்காட்டு அறிவே போதும்.

முதலில், வேலை இல்லாத சர்வரை அணைக்க வேண்டும். ஒரு திட்டம் முடிந்துபோயிருக்கும்; அதற்கென்று வாங்கிய சர்வர் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். பழைய சர்வர்கள் சும்மா இருக்கும்போதே, முழு வேலைக்கு எடுக்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதியை இழுக்கும். கறவை நின்ற மாடு சாணமும் கோமியமுமாவது தரும். இது வெப்பத்தை மட்டும்தான் தரும். அதை வெளியேற்ற இன்னொரு செலவு. பத்து சர்வர் அரைகுறையாகச் செய்யும் வேலையை இரண்டு மூன்று சர்வரில் சேர்த்து ஓட்டும் மென்பொருள் எப்போதோ வந்துவிட்டது.

இரண்டாவது, குளிர்காற்றும் சூடான காற்றும் கலக்கக் கூடாது. சர்வர்கள் முன்பக்கம் குளிர்காற்றை இழுத்துப் பின்பக்கம் சூடாக விடும். அடுக்குகளை எதிரெதிராக நிறுத்தி, குளிர்க்காற்றுக்கு ஒரு வரிசை, சூட்டுக்கு ஒரு வரிசை என்று பிரித்து, இடையில் இருக்கும் சந்துகளை அடைக்க வேண்டும். வரப்பில் எலி வளை இருந்தால் எவ்வளவு தண்ணீர் பாய்ச்சினாலும் கடைமடைக்குப் போகாது இல்லையா? அதே கதைதான். இதற்குத் தேவை சில தகடுகளும் கொஞ்சம் அக்கறையும்.

மூன்றாவது, குளிரைக் குறைக்க வேண்டும். சர்வர் அறை என்றாலே ஸ்வெட்டர் போடுகிற அளவு குளிர வேண்டும் என்று ஒரு பழக்கம். இந்தத் துறைக்கு அளவுகோல் வைக்கும் ஆஷ்ரே என்ற பொறியாளர் அமைப்பு, சர்வருக்குள் போகும் காற்று 18 முதல் 27 டிகிரி வரை இருக்கலாம் என்கிறது. 27 போதும் என்கிற இடத்தில் 20-ல் வைத்திருப்பது, ஈரம் இருக்கிற நிலத்துக்கு மறுபடி தண்ணீர் கட்டுவது மாதிரி.

நான்காவது, மின்விசிறியின் வேகம். வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால், அது எடுக்கும் மின்சாரம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். தேவைக்கு ஏற்ப வேகத்தை மாற்றும் கருவியைப் பொருத்தினால் போதும்.

இங்கே உழவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு சங்கதி இருக்கு. மின்சாரத்தை மிச்சப்படுத்த சில மையங்கள் தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும். ஒரு யூனிட் வெப்பத்தை அப்படி வெளியேற்ற ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாகும். மேலே சொன்ன 500 கிலோவாட் சர்வர்களின் வெப்பத்தை முழுக்க இப்படி வெளியேற்றினால் தினம் 18,000 லிட்டர். மின் கணக்கு அழகாகத் தெரியும், போர்வெல் காயும். கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கிற சென்னையில் இதைச் சிக்கனம் என்று சொல்ல என்னால் முடியாது. மின்சாரத்தோடு தண்ணீரையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

பி.யு.இ. என்கிற எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. வேலையில்லாத சர்வர்களை அணைத்தால் மொத்த மின்சாரம் குறையும்; ஆனால் ஏ.சி. அதே அளவில் ஓடிக்கொண்டிருந்தால் பி.யு.இ. கூடிவிடும்! வீண் சர்வர்களை ஓடவிட்டே நல்ல எண் காட்டவும் முடியும். ஆகவே விகிதம் மட்டும் போதாது. மொத்த யூனிட்டும் வேண்டும்.

வெளிநாட்டு வழிகளை அப்படியே காப்பியடிக்கவும் கூடாது. பின்லாந்தின் கயானி நகரில், பழைய காகித ஆலை வளாகத்தில் லூமி என்ற கணினி இருக்கிறது. அதன் கழிவு வெப்பம் ஊர் வீடுகளைச் சூடாக்கும் குழாய்களுக்குப் போகிறது. அமெரிக்க அரசின் ஆற்றல் ஆய்வகம் ஒன்று கொலராடோவின் கோல்டன் நகரில் உள்ளது. அங்கே சர்வர்களை நீரால் குளிர்வித்து, வெளிவரும் வெப்பத்தில் அலுவலகத்தைச் சூடாக்குகிறார்கள். அதன் பி.யு.இ. சுமார் 1.06. பாராட்டலாம். ஆனால் பெருங்குடியில் வீட்டைச் சூடாக்க யாருக்கு வேண்டும்? மண்ணுக்கேற்ற விதை என்று நாம் சொல்வது கட்டடத்துக்கும் பொருந்தும். நம் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் ஏற்ற வழியை நம் பொறியாளர்கள்தான் வகுக்க வேண்டும். அது அவர்களால் முடியும்.

ஆகவே நம் கோரிக்கைகள் எளியவை. ஒவ்வொரு அரசுத் தரவு மையமும், துறை அலுவலகங்களில் கிடக்கும் சின்ன சர்வர் அறைகள் உட்பட, எண்ணப்பட வேண்டும். மாதாமாதம் மொத்த யூனிட், பி.யு.இ., தண்ணீர், டீசல் ஆகிய நான்கையும் மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். வேலையில்லாத சர்வர்களை ஆண்டுக்கு ஒருமுறை களையெடுக்க வேண்டும். புதிதாகக் கட்டும் மையத்துக்கு ஒப்பந்தப் புள்ளியிலேயே மின்சார, தண்ணீர் உச்சவரம்பு எழுத வேண்டும்.

இதற்கு நாம் காத்திருக்க வேண்டியதில்லை. 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம். "உங்கள் தரவு மையம் சென்ற ஆண்டு எடுத்த மொத்த யூனிட் எவ்வளவு? அதில் கணினிக் கருவிகளுக்கு எவ்வளவு? தண்ணீர் எத்தனை லிட்டர்?" இந்த மூன்று கேள்வி போதும். பதில் வந்தால் சங்கக் கூட்டத்தில் வாசிப்போம். வராவிட்டால் மேல்முறையீடு செய்வோம். குறைதீர் கூட்டத்திலும் எழுப்புவோம்.

மீட்டரோடு நம்ம கிணற்று மேட்டுக்கு வருகிறவர்களிடம் மரியாதையாகவே ஒன்று கேட்கலாம்: "ஐயா, எங்க பட்டாவைக் காப்பாத்தி வைக்கிற உங்க சர்வருக்கு மாசம் எத்தனை யூனிட் ஆகுதுங்க?" அவர்கள் அதற்குக் கணக்கு காட்டட்டும். அப்புறம் நம்ம மோட்டாரைப் பற்றிப் பேசலாம்.