காசு கொடுத்தாலும் கிடைக்காத பூ

ஸ்ரீரங்கம் சாத்தார வீதி பூ மார்க்கெட்டில் மல்லிகை, சம்பங்கி, செவ்வந்தி, அரளி எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். கிலோ கணக்கிலும் வியாபாரம், முழக் கணக்கிலும் வியாபாரம். ஆனால் அங்கே செம்பருத்தியைக் குவித்து வைத்து விற்பவரைப் பார்ப்பது அபூர்வம். மார்க்கெட்டில் விலை இல்லாத பூவுக்கு மதிப்பும் இல்லை என்று ஊரே முடிவு கட்டிவிட்டது போலிருக்கிறது. இது பெரிய தப்பு!

ஏன் விற்பதில்லை? காரணம் ரொம்ப எளிது. காலையில் விரியும் பூ பெரும்பாலும் அன்று சாயங்காலமே சுருங்கிவிடும். இதழ் மெல்லியது, மூட்டையில் கட்டினால் நசுங்கிப் போகும். கொல்கத்தாவில் காளிக்குச் செம்பருத்தி மாலை விற்கிறார்கள் என்பது உண்மைதான். நம் ஊரில் அந்த வழக்கம் இல்லை. இங்கே பிள்ளையாருக்கும் அம்மனுக்கும் வைக்கும் செம்பருத்தி வீட்டுச் செடியிலிருந்துதான் வரவேண்டும். இல்லாதவர்கள், "மாமி, ரெண்டு பூ பறிச்சுக்கட்டுமா?" என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். அவ்வளவுதான்!

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. இந்தச் செடி பெரும்பாலும் காய்ப்பதில்லை, விதையும் விடுவதில்லை. ஒருவர் குச்சி வெட்டிக் கொடுக்க இன்னொருவர் நட்டு வைத்தால்தான் பரவும். லின்னேயஸ் 1753ல் 'சீன ரோஜா' என்று பொருள்படும் பெயரை இதற்கு வைத்தார். அவ்வளவு பழைய செடி இன்றும் இருப்பதற்குக் காரணம் மனிதர்களின் கைகள்தான். மார்க்கெட்டும் காப்பாற்றாது, விதையும் காப்பாற்றாது. வீடுகள் கைவிட்டால் ஒரு தெருவில் செம்பருத்தி அடியோடு இல்லாமல் போகும்.

அதுதான் இப்போது நடந்துகொண்டிருக்கிறது. ஸ்ரீரங்கத்தின் நீளமான பழைய வீடுகளில் கிணறும் துளசி மாடமும் செம்பருத்தியும் கொல்லையில் இருக்கும். வீட்டை இடித்து அபார்ட்மெண்ட் கட்டும்போது முதலில் போவது அந்தக் கொல்லை. அந்த இடத்தில் கார் நிறுத்த சிமெண்ட் தரை வந்துவிடுகிறது.

போவது சாமிக்கு வைக்கும் பூ மட்டுமா? ஐந்து இதழ், நடுவே குழாய் போல நீண்டு நிற்கும் மகரந்தத் தாள்கள், நுனியில் ஐந்து சூல்முடிகள். பூவின் பாகங்களை வெறும் கண்ணால் காட்ட இதைவிட நல்ல பூ கிடையாது. இதழைக் கசக்கி எடுத்த சாற்றில் எலுமிச்சை பிழிந்தால் நல்ல சிவப்பாகும், சோடா உப்பு போட்டால் பச்சையாகும். அமிலம், காரம் பாடத்துக்குக் காசில்லாத லேப்! இலையைக் கசக்கினால் வரும் கொழகொழப்பும் வெண்டைக்காயின் வழவழப்பும் ஒரே ஜாதி. வெண்டை, பருத்தி, பூவரசு எல்லாமே செம்பருத்தியின் சொந்தக்காரர்கள்தான். அந்தக் கொழகொழப்பைத் தலைக்குத் தேய்த்துக் குளித்த குடும்பங்கள், இன்று செம்பருத்திப் படம் போட்ட ஷாம்புவைக் காசு கொடுத்து வாங்குகின்றன. வாசனை இல்லாத பூ என்று ஒதுக்குகிறவர்கள், தேனுக்காக அதைத் தேடி வரும் தேன்சிட்டைப் பார்க்க வேண்டும்.

"மாவுப்பூச்சி வருமே, எறும்பு வருமே" என்பார்கள். வரும்தான். மாவுப்பூச்சி கசியவிடும் இனிப்பு நீருக்காகத்தான் எறும்பும் வருகிறது. பூச்சி பிடித்த நுனியை வெட்டிவிட்டு, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி, வேப்பெண்ணெயை சோப்புத் தண்ணீரில் கலந்து தெளித்து வந்தால் கட்டுப்படும். இதற்காகச் செடியையே வெட்டுவது நியாயமில்லை. "இடம் இல்லையே" என்பதும் சரியான சாக்கு இல்லை. நன்றாக வெயில் படும் பால்கனியில் ஒரு பெரிய தொட்டி போதும். நர்சரியில் கிடைக்கும் மஞ்சள், ஆரஞ்சு ஒட்டு ரகங்கள் அழகுதான். ஆனால் திருச்சி வெயிலைத் தாங்குவதில் சாதாரண ஒற்றைச் சிவப்புக்கு ஈடாகாது.

நடுவதும் சுலபம். பென்சில் கனத்தில் அரை அடிக் குச்சி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு ஈர மண்ணில் ஊன்றினால், ஒன்றிரண்டு மாதத்தில் வேர் பிடிக்கும். மழைக்காலம் என்றால் இன்னும் நல்லது. அடுத்த பழைய வீட்டை இடிக்க ஆள் வருவதற்கு முன், அந்தக் கொல்லையிலிருந்து யாராவது நாலு குச்சி கேட்டு வாங்கி வந்துவிட வேண்டும். கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள்!