எப்போது சூடாகிறது என்று கேளுங்களய்யா

நாமக்கல்லில் லாரி வைத்திருப்பவனுக்கு மெக்கானிக் பஞ்சமே கிடையாது. பாடி கட்டுவதற்காக வெளி மாநிலத்திலிருந்து சேஸியை ஓட்டிக்கொண்டு வருகிற ஊர் இது. இங்கே, ஹினோ இன்ஜின் போட்ட பழைய லேலண்ட் ஒன்று சூடு ஏறுகிறது என்று பட்டறைக்குள் விட்டால், திறந்து பார்ப்பதற்கு முன்னாலேயே தீர்ப்பு வந்துவிடுகிறது.

ஒருவர், "வாட்டர் பம்ப் போச்சுங்கண்ணா" என்றார். மாற்றியாயிற்று. அடுத்தவர், "ஹெட் கேஸ்கெட்டுதான், ஹெட்டை இறக்கிரலாம்" என்று ஸ்பானரோடு வந்தார். மூன்றாமவர் இன்னும் தைரியசாலி. தெர்மோஸ்டாட் வால்வையே பிடுங்கிவிட்டு, "நம்மூரு வெயிலுக்கு இதெல்லாம் எதுக்குங்க" என்றார். 80 டிகிரி வாக்கில் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்புகிற சாமான் அது. பல இன்ஜின்களில் அதே வால்வுதான் திறக்கும்போது பைபாஸ் வழியையும் அடைக்கும். பிடுங்கிவிட்டால் கொஞ்சம் தண்ணீர் ரேடியேட்டர் பக்கமே எட்டிப் பார்க்காமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். இதைச் சொன்னால், "நாங்க பாக்காத வண்டிங்களா?"

வண்டி எப்போது சூடாகிறது என்று ஒரே ஒரு ஆள் கேட்கக் கூடாதா? நின்றபடி ஓடும்போதே முள் ஏறினால் ஃபேனையும் பெல்ட்டையும் பார்க்கலாம். காலையில் ஆறிக் கிடக்கிற இன்ஜினை மூடி திறந்து ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரில் விடாமல் குமிழி கிளம்பினால் கேஸ்கெட்டைப் பற்றிப் பேசலாம். என் வண்டி காலியாக ராசிபுரம் போய்வந்தால் முள் அசைவதில்லை. சேலம் தாண்டி, லோடோடு தொப்பூர் மேடு ஏறும்போதுதான் சிவப்பைத் தொடுகிறது. ரேடியேட்டரால் அத்தனை சூட்டை வெளியே தள்ள முடியவில்லை என்பதற்கு இதைவிட என்ன ஜாதகம் வேண்டும்?

கடைசியில் நானே அடம்பிடித்து ரேடியேட்டரை இறக்கவைத்தேன். கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் ஏற்றுகிற வண்டி. அந்தத் தூசியும் ஆயில் கசிவும் சேர்ந்து ஃபின்களுக்கு நடுவே அடை மாதிரி அப்பியிருந்தது. ஒரு பக்கம் டார்ச் அடித்தால் மறுபக்கம் வெளிச்சம் வரவில்லை. காற்று எங்கே போகும்? மேல் டேங்கைப் பிரித்தால் குழாய் வாயெல்லாம் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு. எல்லாம் எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரின் கைங்கரியம். கூலன்ட் ஊற்று என்று கம்பெனிக்காரன் சொல்லத்தான் செய்கிறான். ஆவி பறக்க மேட்டில் நிற்கிற டிரைவர், பின்னால் ஹாரன் கிழிய, டீக்கடை டிரம்மில் கிடைத்ததைத்தான் மொண்டு ஊற்றுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. ரேடியேட்டர் மூடியின் ரப்பரும் வெடித்துக் கிடந்தது. அழுத்தம் நிற்காவிட்டால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும் என்பது குக்கர் வைக்கிற வீட்டில் தெரிந்த சங்கதி. பட்டறையில் யாரும் அந்த மூடியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

கம்பி விட்டுக் குழாய்களைக் குத்தி, ஃபின்னைக் கழுவி, புது மூடி போட்டதற்கு ஆன செலவு வாட்டர் பம்ப்புக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. இப்போது தொப்பூரில் முள் பாதியைத் தாண்டுவதில்லை. வால்வைத் திரும்பப் போட வேண்டியதுதான் பாக்கி. பிடுங்கியவரிடம் போய்க் கேட்டேன். "அதைப் பழைய பித்தளை விலைக்குப் போட்டாச்சுங்கண்ணா. புதுசு ஒண்ணு வாங்கிட்டு வாங்க, மாட்டித் தர்றேன். கூலி மட்டும் குடுங்க" என்கிறார்.