சாரஸ் கொக்கும் ஒற்றை வரிப் பதிவும்

உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா, மைன்புரிப் பக்கம் மழைக்காலத்தில் சாரஸ் கொக்கின் கூட்டைத் தேடிக் காட்டுக்குள் போக வேண்டியதில்லை. நெல்வயலின் நடுவிலேயே, வேலை செய்பவர்களின் கண்ணெதிரில், தாளும் கோரையும் குவித்து அடைகாத்துக்கொண்டிருக்கும். அதே பறவை வடக்குக் கம்போடியாவில் இலையுதிர் காட்டின் சிறு குட்டைகளில் கூடு கட்டுகிறது. வறண்ட பருவத்தில் மேகாங் சமவெளிக்கு இறங்கி, எலியோகாரிஸ் கோரையின் கிழங்குகளைச் சேற்றில் கிளறித் தின்கிறது.

நூல்கள் சாரஸின் துணையினங்களை இறகைக் கொண்டு பிரிக்கின்றன. இந்திய வகைக்குச் சிவந்த கழுத்தின் அடியில் வெள்ளை வளையம் உண்டு; கிழக்கு வகையான ஷார்ப்பிக்கு அது இல்லை. ஆஸ்திரேலியாவின் கில்லே இன்னும் கருமை, காதோரச் சாம்பல் திட்டும் பெரிது. பிலிப்பைன்ஸின் லூசோன் வகைக்கு 1941இல் பெயர் கிடைத்தது. 1960களோடு அது மறைந்தும் போயிற்று. பெயர் வைத்துக் கால் நூற்றாண்டுக்குச் சற்றுக் கூடுதலாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் களப்பணியாளருக்குத் துணையினப் பெயரும் போதாது என்பதே நம் கருத்து. கம்போடியப் பறவையைப் போலவே மியான்மரின் ஐராவதிக் கழிமுகத்தில் வாழ்வதும் ஷார்ப்பிதான்; ஆனால் அது நம் வட இந்தியப் பறவையைப் போல நெல்வயலில் குஞ்சு பொரிக்கிறது. தாய்லாந்தின் புரிராமில் 2011 முதல் விடப்பட்ட கொக்குகளும் வயலை ஒதுக்கவில்லை. எங்கே, எந்த நீரில், எப்படிப்பட்ட மனிதர்களுக்கிடையே என்பதுதான் சாரஸின் வாழ்வைத் தீர்மானிக்கிறது.

இதைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வியட்நாமின் திராம் சிம் சதுப்புநிலம் சான்று. 1980களின் இறுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொக்குகள் வந்திறங்கிய இடம் அது. தீப்பிடிக்கும் என்ற அச்சத்தில் ஆண்டு முழுவதும் நீரைத் தேக்கி வைத்தார்கள். சதுப்புநிலம் என்றால் நீர் நிற்கத்தானே வேண்டும் என்ற எண்ணமும் வசதியாகச் சேர்ந்துகொண்டது. காய்ந்து நனையும் சுழற்சி நின்றதும் கோரை குறைந்தது, கொக்கும் குறைந்தது. 2020இல் ஒன்றுகூட வரவில்லை. காப்பதற்காகச் செய்த வேலையே உணவைக் கெடுத்த கதை இது. மறுபுறம், கம்போடியாவில் கூட்டைக் காவல் காக்கும் கிராமத்தாருக்குக் கூலி கொடுக்கும் திட்டம் பலன் தந்திருக்கிறது. அதை அப்படியே எட்டாவாவுக்குக் கொண்டுவந்தால், இன்று கூலியின்றிக் கூட்டைப் பொறுத்துக்கொள்ளும் உழவரிடம் நாமே பேரத்தைத் தொடங்கி வைத்தவர்களாவோம்.

சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் சாரஸுக்கு ஒரே வரிதான்: 'பாதிப்புக்கு உள்ளாகக்கூடியது'. இந்தியாவின் ஆயிரக்கணக்கான பறவைகள் அந்த வரியைத் தாங்கிப் பிடிக்கின்றன. கம்போடிய, வியட்நாமியச் சரிவு அதற்குள் புதைந்துவிடுகிறது.

எனவே இந்த இதழுக்கு எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள். 'சாரஸ், இத்தனை' என்று மட்டும் அனுப்பாதீர்கள். கழுத்து வளையம், நீரின் ஆழம், சுற்றியுள்ள பயிர், மின்கம்பிகள், நில உரிமையாளரின் போக்கு ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள். வேறு நாட்டு மேலாண்மை முறையைப் பரிந்துரைப்பவர்கள், அது எந்த நிலத்தில் பலித்தது என்பதையும் குறிப்பிட வேண்டும்.